காலாண்டு முடிவுகளும் மென்பொருள் பங்குகளில் நீண்ட கால முதலீடும்

பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட ஒவ்வொரு நிறுவனமும் மூன்று மாதங்களுக்கு ஒருமுறை தன் வருவாய், செலவு, லாபம் ஆகியவற்றைப் பொதுவில் அறிவிக்க வேண்டும். இந்த அறிவிப்பே காலாண்டு முடிவு எனப்படுகிறது. மென்பொருள் நிறுவனங்களின் பங்கு விலை இந்த அறிவிப்பை ஒட்டி ஒரே நாளில் 10 முதல் 25 சதவீதம் வரைகூட ஏறியும் இறங்கியும் இருக்கிறது. பத்து, இருபது ஆண்டுகள் வைத்திருக்கும் எண்ணத்தோடு பங்கு வாங்கிய ஒருவர் அப்படிப்பட்ட நாளில் எதைக் கவனிக்க வேண்டும், எதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

இதற்கு முதன்மை எடுத்துக்காட்டாகப் பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட இன்ஃபோசிஸ் நிறுவனம் எடுத்துக்கொள்ளப்படுகிறது. 1993 முதல் பட்டியலில் உள்ள நிறுவனம் என்பதால், அதன் ஏற்றமும் இறக்கமும் பொதுப் பதிவில் தெளிவாக உள்ளன. ஒப்பீட்டுக்காக மைக்ரோசாஃப்ட், சத்யம் ஆகிய நிறுவனங்களின் அனுபவமும் சேர்க்கப்பட்டுள்ளது.

காலாண்டு முடிவு வெளியாகும் முறை

இந்தியாவில் நிதியாண்டு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிகிறது. ஏப்ரல்–ஜூன் முதல் காலாண்டு, ஜூலை–செப்டம்பர் இரண்டாவது, அக்டோபர்–டிசம்பர் மூன்றாவது, ஜனவரி–மார்ச் நான்காவது. செபி விதிப்படி காலாண்டு முடிந்த 45 நாட்களுக்குள் முடிவுகளை வெளியிட வேண்டும். முழு ஆண்டுக் கணக்குக்கு 60 நாட்கள் அவகாசம் உண்டு. பெரிய மென்பொருள் நிறுவனங்கள் அவ்வளவு காத்திருப்பதில்லை. காலாண்டு முடிந்த இரண்டு, மூன்று வாரங்களிலேயே அவற்றின் முடிவுகள் வந்துவிடும்.

நிறுவனத்தின் உள் விவரம் தெரிந்த அதிகாரிகளும் பணியாளர்களும் காலாண்டு முடிந்ததிலிருந்து முடிவு வெளியாகி 48 மணி நேரம் ஆகும்வரை அந்த நிறுவனப் பங்கை வாங்கவோ விற்கவோ கூடாது. உள்ளே இருப்பவர் முன்கூட்டியே தெரிந்துகொண்டு லாபம் பார்ப்பதைத் தடுக்கவே இந்த விதி.

அறிவிப்பு நாளில் பொதுவாக நான்கு ஆவணங்கள் கிடைக்கும்: பங்குச் சந்தைக்கு அனுப்பிய கணக்கு, செய்திக் குறிப்பு, முக்கிய எண்களின் அட்டவணை, பங்கு ஆய்வாளர்களுடன் நிர்வாகம் நடத்தும் தொலைபேசி உரையாடலின் எழுத்து வடிவம். நான்கும் நிறுவனத்தின் இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. சிறு முதலீட்டாளர்களில் பெரும்பாலோர் தொலைக்காட்சியில் ஓடும் ஒற்றை வரிச் செய்தியோடு நின்றுவிடுகிறார்கள். ஆனால் பயனுள்ள விவரம் கடைசி இரண்டு ஆவணங்களில்தான் அதிகம்.

லாபம் கூடினாலும் விலை ஏன் சரிகிறது

லாபம் கூடியிருக்கிறது, ஆனால் பங்கு விலை சரிந்துவிட்டது என்ற செய்தி புதிதாக வருவோரைக் குழப்பும். பங்கின் விலை கடந்த மூன்று மாத லாபத்துக்கு மட்டும் தரப்படும் விலை அன்று. இனி வரப்போகும் பல ஆண்டு லாபத்தைச் சந்தை எப்படி எதிர்பார்க்கிறதோ அதற்குத் தரப்படும் விலை. எனவே முடிவு நல்லதா கெட்டதா என்பதைவிட, எதிர்பார்த்ததைவிட நல்லதா கெட்டதா என்பதே அன்றைய விலையைத் தீர்மானிக்கிறது.

ஒரு கற்பனைக் கணக்கு இதைத் தெளிவாக்கும். ஒரு நிறுவனம் பங்கு ஒன்றுக்கு ஆண்டுக்கு 50 ரூபாய் லாபம் ஈட்டுகிறது. லாபம் வேகமாக வளரும் என நம்பும் சந்தை அதற்கு 28 மடங்கு விலை தருகிறது. விலை 1,400 ரூபாய். லாபத்தைப் போல எத்தனை மடங்கு விலை என்பதைக் காட்டும் இந்த எண்ணே பி.இ. விகிதம். அடுத்த அறிக்கையில் லாபம் 52 ரூபாயாகக் கூடுகிறது. ஆனால் வளர்ச்சி இனி மெதுவாகத்தான் இருக்கும் என்று நிர்வாகம் சொல்கிறது. சந்தை இப்போது 21 மடங்குதான் தரத் தயாராகிறது. விலை 1,092 ரூபாய். லாபம் 4 சதவீதம் கூடியும் விலை 22 சதவீதம் குறைந்துவிட்டது.

மென்பொருள் துறையில் இது அடிக்கடி நிகழ்வதற்கு ஒரு காரணம் உண்டு. கைடன்ஸ் எனப்படும் ஆண்டு வருவாய்க் கணிப்பைச் சில நிறுவனங்களே வெளியிடுகின்றன. இன்ஃபோசிஸ் ஏப்ரலில் அந்த ஆண்டு முழுவதற்குமான கணிப்பை அறிவித்து, ஒவ்வொரு காலாண்டிலும் அதைத் திருத்துகிறது. டி.சி.எஸ். அப்படி எண் தருவதில்லை. கணிப்பு தரும் நிறுவனத்தின் பங்கில், முடிந்துபோன காலாண்டைவிட அந்தக் கணிப்பே பெரிய செய்தியாகிவிடுகிறது.

இன்ஃபோசிஸ்: மூன்று ஏப்ரல் மாதங்கள்

இன்ஃபோசிஸ் வரலாற்றில் முடிவு நாளை ஒட்டிய பெரிய சரிவுகள் மூன்று, ஏப்ரல் மாதங்களில் நிகழ்ந்தவை. மூன்றையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், ஒரு நாள் சரிவு எதைச் சொல்கிறது, எதைச் சொல்வதில்லை என்பது விளங்கும்.

2003 ஏப்ரல் 10 அன்று, வரும் ஆண்டுக்கான கணிப்பு சந்தை எதிர்பார்த்ததைவிடக் குறைவாக இருந்ததால் பங்கு ஒரே நாளில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் சரிந்தது. இந்திய மென்பொருள் துறையின் பொற்காலம் முடிந்தது என்று அப்போது பேசப்பட்டது. அதே நிதியாண்டின் முடிவில் நிறுவனத்தின் வருவாய் சுமார் 75 கோடி டாலரிலிருந்து 106 கோடி டாலராக உயர்ந்து, முதன்முறையாக 100 கோடி டாலரைக் கடந்தது. ஓராண்டுக்குள் பங்கு விலை, சரிவதற்கு முன்பிருந்த நிலையைத் தாண்டிவிட்டது. 2004 ஏப்ரலில் ஒரு பங்குக்கு மூன்று போனஸ் பங்குகளும் சிறப்பு டிவிடெண்டும் அறிவிக்கப்பட்டன.

2013 ஏப்ரல் 12 அன்று, வரும் ஆண்டில் டாலர் வருவாய் 6 முதல் 10 சதவீதம் வளரும் என்று நிறுவனம் கணித்தது. துறையின் அமைப்பான நாஸ்காம் 12 முதல் 14 சதவீத ஏற்றுமதி வளர்ச்சியை எதிர்பார்த்திருந்த நேரம் அது. பங்கு அன்று சுமார் 21 சதவீதம் விழுந்தது. மூன்று மாதங்களுக்கு முன், ஜனவரி 11 அன்று, இதே பங்கு முடிவு நாளில் ஏறக்குறைய 17 சதவீதம் ஏறியிருந்தது. மூன்று மாத இடைவெளியில் ஒரு நிறுவனத்தின் தொழில் அவ்வளவு மேலும் கீழும் போயிருக்க முடியாது, மாறியது எதிர்பார்ப்பு. அந்த நிதியாண்டு முடிந்தபோது உண்மையான டாலர் வருவாய் வளர்ச்சி 11.5 சதவீதம். கணிப்பின் மேல் எல்லையையே அது கடந்துவிட்டது. 2013 முடிவதற்குள் விலையும் பழைய நிலையைத் தாண்டியிருந்தது.

2023 ஏப்ரல் 13 மாலை வந்த முடிவு வேறு வகை. வரும் ஆண்டு வளர்ச்சி 4 முதல் 7 சதவீதம் என்று கணிக்கப்பட்டது. விடுமுறைகளுக்குப் பின் ஏப்ரல் 17 அன்று சந்தை திறந்தபோது பங்கு இடையில் சுமார் 15 சதவீதம்வரை சரிந்து, 9 சதவீதத்துக்கு மேற்பட்ட இறக்கத்தோடு முடிந்தது. ஜூலையில் கணிப்பு 1 முதல் 3.5 சதவீதமாகக் குறைக்கப்பட, மறுநாள் மீண்டும் சுமார் 8 சதவீத இறக்கம். ஆண்டு முடிவில் உண்மையான வளர்ச்சி 1.4 சதவீதமே. இந்த முறை சந்தையின் அச்சம் வீண் அச்சம் அன்று. அமெரிக்க, ஐரோப்பிய வாடிக்கையாளர்கள் செலவைக் குறைத்தது உண்மை. அப்படியிருந்தும் 2024 ஜனவரியில் பங்கு விலை, சரிவுக்கு முந்தைய நிலைக்கு மேல்தான் இருந்தது.

இதிலிருந்து சரிந்தால் எப்போதும் மீளும் என்ற முடிவுக்கு வருவது தவறு. ஒரு நாள் சரிவின் அளவு, நிறுவனத்தின் அடுத்த சில ஆண்டுகளைப் பற்றி நம்பகமான தகவல் எதையும் தருவதில்லை என்பதே சரியான முடிவு. 2013-இல் 21 சதவீதச் சரிவுக்குப் பின் கணிப்பு மிஞ்சப்பட்டது; 2023-இல் அதைவிடச் சிறிய சரிவுக்குப் பின் கணிப்பு எட்டப்படவே இல்லை. எது எப்படிப் போகும் என்பதை விலை ஏட்டில் தேட முடியாது. தொழிலின் எண்களில்தான் தேட வேண்டும்.

நீண்ட காலம் வைத்திருந்தவருக்குக் கிடைத்தது

1993-இல் இன்ஃபோசிஸ் தன் பங்கை 95 ரூபாய்க்கு வெளியிட்டது. பொதுமக்கள் முழுமையாக வாங்க முன்வரவில்லை. மீதமிருந்ததில் பெரும்பகுதியை மார்கன் ஸ்டான்லி எடுத்துக்கொண்டது. ஜூன் மாதம் பட்டியலிடப்பட்டபோது விலை 145 ரூபாய்.

அன்று 9,500 ரூபாய் கொடுத்து 100 பங்குகள் வாங்கியவரின் கையிருப்பு பின்வருமாறு பெருகியது:

- 1994, 1997, 1999: ஒன்றுக்கு ஒன்று போனஸ். 100 என்பது 800 ஆனது.
- 2000: 10 ரூபாய் முகமதிப்பு 5 ரூபாயாகப் பிரிப்பு. 1,600.
- 2004: ஒன்றுக்கு மூன்று போனஸ். 6,400.
- 2006: ஒன்றுக்கு ஒன்று. 12,800.
- 2014, 2015, 2018: மும்முறை ஒன்றுக்கு ஒன்று. 1,02,400.

பங்கின் விலை 1,500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் இது 15 கோடி ரூபாய்க்கு மேல். டிவிடெண்ட் தனி. போனஸ் பங்கு தானாகச் செல்வத்தைக் கூட்டுவதில்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். ஒரு தோசையை இரண்டாகப் பிய்த்தால் தோசை பெரிதாகாது. போனஸுக்குப் பின் விலை அதே விகிதத்தில் குறையும். பெருகியது நிறுவனத்தின் லாபம். போனஸ் அதன் அடையாளம் மட்டுமே.

இந்தக் கணக்கு பல மேடைகளில் சொல்லப்படுவது. அதில் இரண்டு விஷயங்கள் மறைந்திருக்கின்றன. முதலாவது, 1,02,400 பங்குகளை எட்டிய அந்த முதலீட்டாளர் நூற்றுக்கும் மேற்பட்ட காலாண்டு முடிவுகளைக் கடந்து வந்திருக்க வேண்டும். அவற்றுள் 2003, 2013 போன்ற நாட்களும் அடக்கம். இரண்டாவது, ஜெயித்த நிறுவனத்தைப் பின்னோக்கிப் பார்த்துத் தேர்ந்தெடுத்திருக்கிறோம். 1990-களின் இறுதியில் சென்னையின் பென்டாமீடியா கிராஃபிக்ஸ், டி.எஸ்.க்யூ. சாஃப்ட்வேர், மும்பையின் சில்வர்லைன் ஆகியவையும் இதே உற்சாகத்தோடு வாங்கப்பட்டன. 2001-இல் கேதன் பரேக் விவகாரத்தோடு அவை சரிந்தன. அவற்றைப் பொறுமையோடு வைத்திருந்தவர்களுக்குப் பொறுமை எதையும் மீட்டுத் தரவில்லை. நீண்ட காலம் என்பது நல்ல தொழிலுக்கு மட்டுமே உதவும்.

நல்ல நிறுவனம், அதிக விலை

நிறுவனம் நல்லதாக இருந்தும் முதலீடு சோபிக்காமல் போகலாம். 2000 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில் இன்ஃபோசிஸின் வருவாய் சுமார் 20 கோடி டாலர்; அடுத்த ஆண்டு அது 41 கோடி டாலராக இரட்டித்தது. அதே பன்னிரண்டு மாதங்களில் நிறுவனத்தின் சந்தை மதிப்பு சுமார் 59,000 கோடி ரூபாயிலிருந்து 27,000 கோடி ரூபாய்க்கு இறங்கியது. தொழில் இரட்டித்தது, முதலீடு பாதியானது. 2000-இன் தொடக்கத்தில் லாபத்தைப் போல நூறு மடங்குக்கும் மேல் விலை கொடுக்கப்பட்டதே காரணம். அந்த விலையில் எவ்வளவு நல்ல முடிவு வந்தாலும் போதாது.

மைக்ரோசாஃப்ட் இதற்கு இன்னும் நீண்ட எடுத்துக்காட்டு. 1999 டிசம்பரில் தொட்ட உச்ச விலையை அந்தப் பங்கு 2016 அக்டோபரில், ஒரு காலாண்டு முடிவு வெளியான மறுநாள்தான் தாண்டியது. இடையில் ஏறக்குறைய பதினேழு ஆண்டுகள். அந்த இடைக்காலத்தில் நிறுவனத்தின் ஆண்டு வருவாய் சுமார் 2,300 கோடி டாலரிலிருந்து 8,500 கோடி டாலருக்கு மேல் வளர்ந்திருந்தது. உச்சத்தில் வாங்கியவர் டிவிடெண்டைத் தவிர வேறொன்றும் பெறவில்லை. ஓய்வுக் காலத்துக்காகச் சேர்ப்பவருக்குப் பதினேழு ஆண்டு என்பது உழைக்கும் காலத்தில் பாதி.

ஆகவே காலாண்டு முடிவைப் படிக்கும்போது பி.இ. விகிதத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நிறுவனத்தின் சொந்தக் கடந்த கால விகிதத்தோடும், அதே துறையின் பிற நிறுவனங்களோடும் ஒப்பிடுவது எளிய வழி.

கணக்கே பொய்யானால்

மேலே சொன்னவை எல்லாம் வெளியிடப்பட்ட கணக்கு உண்மை என்ற நம்பிக்கையில் நிற்கின்றன. ஹைதராபாத்தைச் சேர்ந்த சத்யம் கம்ப்யூட்டர் சர்வீசஸ் அந்த நம்பிக்கையை உடைத்தது. 2009 ஜனவரி 7 அன்று அதன் தலைவர் ராமலிங்க ராஜு, கணக்கில் காட்டிய ரொக்கத்தில் 5,040 கோடி ரூபாய் உண்மையில் இல்லை என்று கடிதத்தில் ஒப்புக்கொண்டார். 2008 செப்டம்பர் காலாண்டில் 24 சதவீதம் என்று காட்டிய செயல்பாட்டு லாப விகிதம் உண்மையில் 3 சதவீதம் என்றும் அதில் இருந்தது. பங்கு அன்று நான்கில் மூன்று பங்குக்கு மேல் மதிப்பிழந்தது.

அதுவரை சத்யத்தின் முடிவுகள் காலாண்டுக்குக் காலாண்டு ஒழுங்காகவே வந்துகொண்டிருந்தன. எச்சரிக்கை வேறிடத்திலிருந்து வந்தது. 2008 டிசம்பர் 16 அன்று, தலைவரின் குடும்பத்துக்குத் தொடர்புடைய மேட்டாஸ் நிறுவனங்களைச் சத்யத்தின் பணத்தில் வாங்கப்போவதாக அறிவிப்பு வந்தது. முதலீட்டாளர்களின் எதிர்ப்பால் சில மணி நேரத்திலேயே அது கைவிடப்பட்டது. மென்பொருள் நிறுவனம் நிலம், கட்டுமானத் தொழிலில் பணம் போட முனைந்த அந்த ஒரு நாள், பல காலாண்டு முடிவுகளைவிட அதிகம் சொன்னது.

குற்றச்சாட்டு எழுந்தாலே நிறுவனம் பொய்யானது என்றும் ஆகாது. 2019 அக்டோபரில் இன்ஃபோசிஸ் நிர்வாகத்தின் மீது பெயர் குறிப்பிடாத கடிதம் ஒன்று கணக்கு முறைகேடு புகார் கூற, பங்கு ஒரே நாளில் சுமார் 16 சதவீதம் சரிந்தது. 2020 ஜனவரியில், புகாருக்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்று நிறுவனத்தின் தணிக்கைக் குழு அறிவித்தது. இத்தகைய நேரத்தில் சிறு முதலீட்டாளர் தாமே சரிபார்க்கக்கூடியது ஒன்று உண்டு: லாபத்துக்கும் கையில் வந்த பணத்துக்கும் உள்ள பொருத்தம்.

அறிக்கையில் பார்க்க வேண்டியவை

மென்பொருள் சேவை நிறுவனம் ஒன்றின் அறிக்கையைப் பின்வரும் வரிசையில் படித்தால் அரை மணி நேரத்தில் தேவையானது கிடைத்துவிடும்.

நிலையான நாணய மதிப்பில் வருவாய் வளர்ச்சி. இந்திய நிறுவனங்களின் வருவாய் பெரும்பாலும் டாலர், யூரோ, பவுண்டில் வருகிறது. ரூபாய் மதிப்பு குறைந்தாலே ரூபாய்க் கணக்கில் வருவாய் கூடியதாகத் தெரியும். நாணய மாற்றத்தின் விளைவை நீக்கிக் காட்டும் எண்ணே உண்மையான வளர்ச்சி.

ஆண்டுக்கு ஆண்டு ஒப்பீடு. அக்டோபர்–டிசம்பர் காலாண்டில் அமெரிக்க, ஐரோப்பிய விடுமுறைகளால் வேலை நாட்கள் குறைவு. வருவாய் மந்தமாகவே இருக்கும். முந்தைய காலாண்டோடு மட்டும் ஒப்பிட்டால் தவறான அச்சமோ மகிழ்ச்சியோ உண்டாகும். சென்ற ஆண்டின் இதே காலாண்டோடும் ஒப்பிட வேண்டும்.

செயல்பாட்டு லாப விகிதம். நூறு ரூபாய் வருவாயில் சம்பளம் முதலிய செலவுகள் போக மிஞ்சுவது எவ்வளவு என்பது இது. சம்பள உயர்வு தரும் காலாண்டில் இது சற்றுக் குறைவது இயல்பு. எட்டு, பத்து காலாண்டுகளாகத் தொடர்ந்து தேய்ந்தால் வாடிக்கையாளரிடம் விலை பேசும் பலம் குறைகிறது என்று பொருள்.

கையில் வந்த பணம். செயல்பாட்டில் வந்த ரொக்கத்திலிருந்து கட்டடம், கருவிச் செலவைக் கழித்தால் மிஞ்சுவது ஃப்ரீ கேஷ் ஃப்ளோ. 2023–24-இல் இன்ஃபோசிஸின் நிகர லாபம் சுமார் 317 கோடி டாலர். ஃப்ரீ கேஷ் ஃப்ளோ சுமார் 288 கோடி டாலர். லாபத்தின் பெரும்பகுதி பணமாக வந்திருக்கிறது. லாபம் ஏறிக்கொண்டே போய், பணம் மட்டும் வராமலிருந்தால் காரணம் தேட வேண்டும். பில் போட்டு எத்தனை நாளில் பணம் வசூலாகிறது என்ற எண்ணும் அட்டவணையில் இருக்கும்.

பெரிய ஒப்பந்தங்கள். புதிதாகக் கையெழுத்தான ஒப்பந்தங்களின் மொத்த மதிப்பு தலைப்புச் செய்தியாகும். ஆனால் அது பல ஆண்டுகளில் சிறிது சிறிதாக வருவாயாக மாறுவது. அதில் பழைய ஒப்பந்தங்களின் புதுப்பிப்பும் அடங்கும். 2023–24-இல் இன்ஃபோசிஸ் 1,770 கோடி டாலர் பெரிய ஒப்பந்தங்களைப் பெற்றது. அதுவரை இல்லாத உயர்வு. அதே ஆண்டு வருவாய் வளர்ச்சிதான் 1.4 சதவீதம். ஒரு பக்கம் புதிய வேலை வந்தாலும் மறுபக்கம் சிறு வேலைகளை வாடிக்கையாளர்கள் நிறுத்திவைத்தனர்.

பணியாளர் எண்கள். விலகுவோர் விகிதம் 2022 ஜூன் காலாண்டில் இன்ஃபோசிஸில் 28.4 சதவீதம், 2024 மார்ச்சில் 12.6 சதவீதம். முதலாவது செலவைக் கூட்டும் நெருக்கடி. இரண்டாவது நல்ல செய்தி போலத் தோன்றும். ஆனால் வெளியே வேலை கிடைக்காத மந்தநிலையின் அடையாளமாகவும் இருக்கலாம். அதே ஆண்டில் நிறுவனத்தின் பணியாளர் எண்ணிக்கை சுமார் 26,000 குறைந்தது.

மைக்ரோசாஃப்ட், அடோபி போன்று மென்பொருளைத் தயாரித்து விற்கும் நிறுவனங்களுக்கு இந்தப் பட்டியல் சற்று மாறும். அங்கே பணியாளர் எண்ணிக்கையைவிடச் சந்தா வருவாய், சந்தாவைப் புதுப்பிப்போர் விகிதம், பணியாளர்களுக்குப் பங்காகத் தரும் ஊதியத்தின் அளவு ஆகியவை முக்கியம். பங்காகத் தரும் ஊதியத்தைக் கழிக்காமல் லாபம் காட்டும் வழக்கம் அமெரிக்காவில் உண்டு. அது ஏற்கெனவே பங்கு வைத்திருப்போரின் பகுதியைக் கரைக்கும் செலவு.

முடிவு நாளை ஒட்டி நடந்துகொள்ளும் முறை

வாங்கும்போதே, ஏன் வாங்குகிறோம் என்பதை நான்கைந்து வரிகளில் எழுதிவைப்பது நல்லது. வருவாய் எவ்வளவு வளரும் என எதிர்பார்க்கிறோம், லாப விகிதம் எவ்வளவு, எது நடந்தால் நம் கணக்கு தவறு என்று ஒப்புக்கொள்வோம் என்பவை அதில் இருக்க வேண்டும். ஒவ்வொரு காலாண்டும் புதிய அறிக்கையை விலையோடு ஒப்பிடாமல் இந்தக் குறிப்போடு ஒப்பிட வேண்டும்.

முடிவுக்கு முந்தைய நாள் ஏறும் என்று நம்பி மொத்தமாக வாங்குவது முதலீடு ஆகாது, அது பந்தயம். எதிர்பார்ப்பு ஏற்கெனவே விலையில் சேர்ந்திருக்கும். அதே பங்கை நான்கைந்து தவணைகளில், முடிவுகளுக்கு முன்னும் பின்னுமாகப் பிரித்து வாங்கினால் ஒரு நாளின் ஏற்ற இறக்கம் பெரிதாகப் பாதிக்காது.

முடிவு நாளை நம்பி ஆப்ஷன், ஃபியூச்சர் வாங்குவதைச் சிறு முதலீட்டாளர்கள் தவிர்ப்பது நல்லது. 2021–22 முதல் 2023–24 வரையிலான மூன்றாண்டுகளில் இந்தச் சந்தையில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதத்தினர் நட்டமடைந்தனர் என்று 2024 செப்டம்பரில் செபி வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. அவர்களின் மொத்த நட்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல்.

கடன் வாங்கிய பணமும், இரண்டு மூன்று ஆண்டுகளில் கல்லூரிக் கட்டணத்துக்கோ திருமணத்துக்கோ வேண்டிய பணமும் ஒற்றைப் பங்கில் இருக்கக்கூடாது. 21 சதவீதச் சரிவைப் பொறுத்துக்கொள்வது மன உறுதியை மட்டும் சார்ந்ததன்று. அந்தப் பணம் எப்போது தேவைப்படுகிறது என்பதையும் சார்ந்தது. மென்பொருள் துறையிலேயே வேலை செய்பவர் இன்னொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும்: துறை மந்தமானால் சம்பளமும் சேமிப்பும் ஒரே நேரத்தில் அடிவாங்கும். தம் நிறுவனப் பங்கையே பெருமளவில் வைத்திருப்போருக்கு இந்த ஆபத்து இரட்டிப்பு.

எப்போது விற்பது

ஒரு காலாண்டு மோசமாக அமைந்தது மட்டும் விற்பதற்குக் காரணம் ஆகாது. பின்வருவன காரணங்களாகக் கொள்ளத்தக்கவை:

- பல காலாண்டுகளாகத் தொடர்ந்து, அதே துறையின் பிற நிறுவனங்கள் வளரும்போது இந்த நிறுவனம் மட்டும் பின்தங்குதல்.
- லாபம் கூடியும் பணம் வராமை, அல்லது தணிக்கையாளர் காரணம் தெளிவாகாமல் விலகுதல்.
- தொழிலுக்குச் சம்பந்தமில்லாத அல்லது நிர்வாகத்தின் உறவினர் நிறுவனங்களில் பணம் போடுதல்.
- விலை, எந்த வளர்ச்சியாலும் நியாயப்படுத்த முடியாத மடங்குக்குப் போய்விடுதல்.
- தொழிலின் அடிப்படையே மாறுதல்.

கடைசிக் காரணம் இன்று இந்திய மென்பொருள் துறை முழுவதற்கும் எழுந்துள்ள கேள்வி. ஆட்களின் எண்ணிக்கையையும் உழைத்த நேரத்தையும் கணக்கிட்டுக் கட்டணம் பெற்றே இத்துறை வளர்ந்தது. அந்த வேலையின் ஒரு பகுதியை இப்போது செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் செய்கின்றன. பன்னாட்டு நிறுவனங்கள் பெங்களூர், ஹைதராபாத், சென்னை நகரங்களில் தங்கள் சொந்த மையங்களைத் திறந்து, முன்பு வெளியே கொடுத்த வேலையைத் தாங்களே செய்கின்றன. இது தற்காலிக மந்தமா, நிரந்தர மாற்றமா என்பதை எந்த ஒரு காலாண்டும் தீர்க்காது. ஒரு பணியாளருக்கு வரும் வருவாய் கூடுகிறதா, ஆட்களைச் சேர்க்காமலே வருவாய் வளர்கிறதா, லாப விகிதம் நிலைக்கிறதா என்ற மூன்று எண்களையும் எட்டுப் பத்துக் காலாண்டுகள் வரிசையாக எழுதிப் பார்த்தால் விடை மெல்லத் தெரியவரும்.

வரி

அடிக்கடி வாங்கி விற்பதற்கும் பொறுத்திருப்பதற்கும் வரியிலும் வேறுபாடு உண்டு. 2024 ஜூலை 23 முதல், பட்டியலிடப்பட்ட பங்குகளை 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால், ஆண்டுக்கு 1.25 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட லாபத்துக்கு 12.5 சதவீத வரி. அதற்குள் விற்றால் 20 சதவீதம். டிவிடெண்ட், பெறுபவரின் வருமானத்தோடு சேர்த்து அவரவர் வரி விகிதப்படி வரிக்கு உள்ளாகும். விற்காத பங்கின் மதிப்பு உயர்வுக்கு வரி இல்லை. அந்தத் தொகையும் சேர்ந்தே வளர்வதால் பல ஆண்டுகளில் வேறுபாடு கணிசமாகும்.

இக்கட்டுரையில் பெயர் சொல்லப்பட்ட நிறுவனங்கள் விளக்கத்துக்காக எடுத்துக்கொள்ளப்பட்டவை. எந்தப் பங்கையும் வாங்கவோ விற்கவோ பரிந்துரைப்பது நோக்கமன்று. தனி நிறுவனத்தின் அறிக்கைகளைக் காலாண்டுதோறும் படிக்க நேரமோ விருப்பமோ இல்லாதவர்களுக்கு, பல நிறுவனங்களில் பணத்தைப் பரப்பும் இண்டெக்ஸ் ஃபண்டுகள் பொருத்தமானவை. அவற்றில் ஒரு நிறுவனத்தின் முடிவு நாள் மொத்தச் சேமிப்பையும் அசைப்பதில்லை.